மரத்தடியில் என்ன வளரும்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நமது சங்க நூலகத்தில் நாளிதழைப் புரட்டிக் கொண்டிருந்தேன். ஜெயநகரில் வசிக்கும் அன்பர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். "சார், நீங்கள் தோட்ட வேலையில் ஈடுபாடு உள்ளவர் என்று சொன்னார்கள். எங்கள் வீட்டு மாமரத்தடியில் மூன்று முறை புல் பதித்துவிட்டேன். மூன்று முறையும் காய்ந்து போயிற்று. மண்ணைப் போட்டு உயர்த்தலாமா, அல்லது பேசாமல் சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா?" என்று கேட்டார். இரண்டும் வேண்டவே வேண்டாம் என்று நான் சற்று உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நூலகர் நிமிர்ந்து பார்த்தார். நான் பதறியதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

அவருக்கு அன்று சொன்ன பதிலையே கொஞ்சம் விரிவாக எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டுக் கொண்டார். அடியேன் தாவரவியல் படித்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளம், கரை, பாலம், குடியிருப்பு என்று பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவன். ஆகவே இதில் மண்ணும் தண்ணீரும் சற்று அதிகமாகவும், செடி சற்றுப் பிறகும் வரும். வாசகர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

நிழலா, தாகமா?

மரத்தடியில் செடி வராவிட்டால் நாம் உடனே நிழலைக் குறை சொல்கிறோம். நிழல் ஒரு காரணம்தான். ஆனால் குடகு மலையில் காப்பித் தோட்டத்து நிழலில் எவ்வளவு பசுமை! அங்கே நிழலோடு ஈரமும் இருக்கிறது. நம் ஊர் மரத்தடியில் நிழல் இருக்கிறது, ஈரம் இல்லை.

இதை நானே ஒரு முறை சோதித்துப் பார்த்தேன். ஒரே அளவுள்ள இரண்டு பால்பவுடர் டப்பாக்களில் ஒன்றை மொட்டை மாடியிலும் மற்றொன்றைப் பக்கத்து வீட்டு மாமரத்தின் அடியிலும் வைத்தேன். அன்று மாலை கால் மணி நேரம் தூறல். மாடி டப்பாவில் கொஞ்சம் தண்ணீர். மரத்தடி டப்பாவில் அடிப்பாகம் நனைந்திருந்தது, அவ்வளவுதான். சிறு மழையை இலைகளே வாங்கி வைத்துக் கொண்டு, பிறகு காற்றுக்கும் வெயிலுக்கும் கொடுத்துவிடுகின்றன. பெருமழை பெய்தால்தான் கீழே மண் நனைகிறது.

பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 950 முதல் 1000 மி.மீ. வரை மழை பெய்கிறது. குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து அக்டோபருக்குள் முடிந்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. அந்த நான்கு மாதமும் மரத்தடி மண்ணில் மிச்சம் இருக்கும் ஈரத்தை முதலில் எடுத்துக் கொள்வது மரம். மரத்தின் வேர் ஆணிவேராகப் பாதாளத்துக்குப் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்த படம் நம் மனதில் இருக்கிறது. உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கின்றன. தண்ணீரையும் உரத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களோ மேல் ஓர் அடியிலேயே வலை பின்னியிருக்கும். கிளைகள் முடியும் எல்லையையும் தாண்டிப் போயிருக்கும். நாம் பதிக்கும் புல்லின் வேர் இறங்குவதும் அதே ஓர் அடிக்குள்தான். அறுபது ஆண்டு அனுபவம் உள்ள மரத்தோடு ஆறு வாரப் புல் போட்டி போட முடியுமா?

அதுவும் நாம் பதிப்பது வெயிலை விரும்பும் புல். அருகம்புல்லும், இங்கே நர்சரிகளில் மெக்சிகன் புல் என்று விற்பதும் திறந்த வெளிக்கு உரியவை. "நிழலில் வரும் செடி கொடுங்கள்" என்று கேட்டாலும் ஆபத்துதான். வண்ண இலைச் சேம்பும் மெல்லிய பெரணி வகைகளும் கொடுப்பார்கள். அவை ஈர நிழலுக்கு உரியவை. ஆடியில் வைத்தால் கார்த்திகை வரை அழகாக இருந்து, மாசியில் நம்மை அழ வைக்கும். கேட்க வேண்டிய கேள்வி, "வறண்ட நிழலில் எது தாங்கும்?" என்பது.

என் மாமரத்தின் கதை

1994-ல் கிருஷ்ணராஜபுரம் பக்கம் கடன் வாங்கி நாற்பதுக்கு அறுபது மனை ஒன்று வாங்கினேன். வீடு கட்டியதும் என் மாமனார் சேலத்திலிருந்து ஒரு மல்கோவா ஒட்டுக்கன்றை ரயிலில் மடியில் வைத்துக் கொண்டு வந்து பின்புறம் நட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டில் நல்ல மரமாகி, காயும் கொடுத்தது. அதன் அடியில் மட்டும் வெறும் மண். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. என் மனைவி துணி உலர்த்தும் இடம் அது.

2009-ல் ஒரு மாதம் விடுப்பு எடுத்தேன். இரண்டு லாரி ஏரி வண்டலும் செம்மண்ணும் வரவழைத்து, மரத்தைச் சுற்றி ஒன்பது அங்குலம் உயர்த்தி, அடிமரத்தை ஒட்டியே மண்ணை அணைத்து, சரிவு பிடித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்தேன். ரயில்வே கரையை அப்படித்தான் அமைப்போம். ஓர் அடுக்கு மண், அதை இறுக்குதல், அடுத்த அடுக்கு, மறுபடி இறுக்குதல். கரை உட்காராமல் இருக்க வேண்டும் அல்லவா? அதன் மேல் புல் பத்தை பதித்தேன். மூன்று மாதம் பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

அடுத்த ஆண்டு புல் மஞ்சளாயிற்று. அது பெரிதல்ல. மரத்தின் உச்சிக் கிளைகளில் இலை சிறுத்தது. 2011-ல் நுனிகள் பட்டுப் போயின. நான் உரம் போட்டேன், மருந்து அடித்தேன், தண்ணீரும் அதிகமாக விட்டேன். மாமனார் வந்து பார்த்தார். வெகுநேரம் மரத்தையே பார்த்துக் கொண்டு நின்றுவிட்டு, "மாப்ளே, நெல்லு வயல்ல கூட நடுவுல தண்ணிய வடிச்சு விட்டு வேருக்குக் காத்துக் காட்டுவோம். நீங்க மாமரத்தை மண்ணுக்குள்ள பொதைச்சிட்டீங்களே" என்றார். மறுநாளே மண்ணை அள்ள ஆரம்பித்தேன். அதற்குள் அடிமரத்துப் பட்டை கன்னங்கறேலென்று அழுகியிருந்தது. 2012 கோடையில் மரம் முழுவதும் பட்டுவிட்டது. அதன் பிறகு அவர் அந்த மரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் துகள்களின் இடைவெளியில் உள்ள காற்றிலிருந்துதான் அது பிராணவாயுவை எடுத்துக் கொள்கிறது. மேலே ஒன்பது அங்குலக் களிமண்ணை ஏற்றி இறுக்கினால் காற்று இறங்காது. ரயில் பாதையிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு: சல்லிக் கற்களின் இடைவெளியில் சேறு அடைத்துக் கொண்டால் தண்ணீர் வடியாமல் பாதை கெட்டுவிடும். அதற்காகவே சல்லியைச் சலித்துச் சுத்தம் செய்வோம். முப்பது ஆண்டு அந்த வேலையை மேற்பார்வை செய்தவன் என் வீட்டுக் கொல்லையில் இதை யோசிக்கவில்லை.

சிமெண்ட் தளமும் இதே வேலையைத்தான் செய்கிறது, இன்னும் வேகமாக. 2013 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களிலிருந்து ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை எல்லாம் அகற்றும்படி உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது பெரிய மரத்துக்கு மிகக் குறைவு. அதுவும் இல்லாமல் நிற்கும் மரங்கள் நம் தெருக்களில் எத்தனை!

பூங்காவில் ஒரு சோதனை

எங்கள் குடியிருப்பின் சிறு பூங்காவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. இந்த மரம் அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்தது. மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. ஜகரண்டா தென் அமெரிக்கா. லால்பாக்கில் 1908 முதல் 1932 வரை பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு தெரு பூத்து ஓய்ந்ததும் அடுத்த தெரு பூக்கும்படி மாதக் கணக்குப் பார்த்து மரங்களைத் தேர்ந்தவர் என்று சொல்வார்கள். பெங்களூர்க்காரர்கள் என்று நாம் நினைக்கும் மரங்களில் பாதி, நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்து வேர் பிடித்தவைதாம்.

2022 தொடக்கத்தில், "மரத்தடியில் ஒன்றும் வளரவில்லை, ஒரே புழுதி, இன்டர்லாக் கல் பதித்துவிடலாம்" என்று கமிட்டியில் பேச்சு வந்தது. மதிப்பீடு கூட வாங்கிவிட்டார்கள். நான் என் மாமரத்தின் கதையைச் சொன்னேன். எனக்கு ஒரு மழைக்காலம் அவகாசம் கொடுங்கள், தேறாவிட்டால் கல் பதியுங்கள் என்றேன். கிளைப் பரப்பு ஏறக்குறைய அறுபது அடி விட்டம். சதுர மீட்டரில் சுமார் 260. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். அந்த இடத்துக்கு ஒரு செ.மீ. மழைக்குச் சமமாக நாம் தண்ணீர் ஊற்ற வேண்டுமானால் 2,600 லிட்டர் வேண்டும். இந்தக் கணக்கைக் காட்டியதும், தினமும் குழாய் பிடிக்கும் யோசனையைக் கமிட்டியே கைவிட்டது. முதல் ஆண்டு மட்டும் தண்ணீர், பிறகு மழையே கதி என்று முடிவாயிற்று.

செய்த முறை இதுதான். மண்ணைக் கொத்திப் புரட்டவில்லை. மே மாத மழையில் நிலம் இளகிய பிறகு, ஜூன் முதல் வாரத்தில், கைக்கொத்தினால் ஒரு கையளவு குழி மட்டும் எடுத்தோம். கட்டைவிரல் பருமனுள்ள வேர் தென்பட்டால் அந்தக் குழியை மூடிவிட்டு அரையடி தள்ளிப் போனோம். குழிக்குள் ஒரு பிடி இலைமக்கு. பெரிய தொட்டிச் செடிகளை வாங்கவில்லை. பெரிய செடிக்குப் பெரிய குழி வேண்டும், அதற்காக மரத்தின் வேரை அறுக்க நேரும். சிறு பக்கக் கன்றுகளும் போத்துகளுமே போதும். ஒன்றுக்கொன்று ஓர் அடி இடைவெளி. கடைசியாக, மேலே இரண்டு அங்குலம் இலைச்சருகு. அடிமரத்தைச் சுற்றி ஓர் அடிக்கு ஒன்றும் போடவில்லை, சருகு கூட. பட்டை எப்போதும் காற்றாட இருக்க வேண்டும் என்பதை நான் விலை கொடுத்துக் கற்றவன்.

மாலி கன்னடக்காரர், நல்ல மனிதர். ஆனால் காலையில் வந்ததும் மரத்தடியைப் பெருக்கி, சருகைக் குவித்து நெருப்பு வைத்தால்தான் அவருக்கு வேலை செய்த திருப்தி. அந்தப் பழக்கத்தை மாற்ற நான்கு மாதம் ஆயிற்று. தூங்குமூஞ்சியின் சிற்றிலை பொடியானது. செடிகளுக்கிடையே தானே இறங்கி மக்கிவிடும். அதைப் பெருக்கி எரிப்பது மரத்தின் சாப்பாட்டைப் பிடுங்கி எரிப்பதற்குச் சமம். மாவிலை விஷயம் வேறு. அகலமாய், தடிப்பாய், மக்க நாளாகும். சிறு செடிகளை மூடி மூச்சடைத்துவிடும். மாமரத்தடியில் மட்டும் வாரம் ஒரு முறை மேல் இலைகளைக் கையால் பொறுக்கி, மூலையில் குழி போட்டு மக்க வைத்து, மறு ஆண்டு அங்கேயே தூவலாம். புங்கை இலை நல்ல பசுந்தாள் உரம், கீழேயே விட்டுவிடுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தூங்குமூஞ்சி பெயருக்கேற்றபடி மாலையிலும் மழைமூட்டத்திலும் இலையை மூடிக் கொள்ளும். நம் ஊர்க் கோடை மழை பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஆகவே அதன் அடியில் ஓரளவு மழை இறங்குகிறது. மாமரம் பச்சைக் குடை, எப்போதும் விரித்தபடி. மாமரத்தடி வைத்திருப்பவர்கள் மிகவும் பொறுமைசாலிச் செடிகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

தாங்கும் செடிகள்

முதலிடம் குளோரோபைட்டத்துக்கு. சிலந்திச் செடி என்றும் சொல்கிறார்கள். தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் குட்டி முள்ளங்கி போலப் பருத்திருக்கும். அதுதான் அதன் தண்ணீர்த் தொட்டி. தண்டு நீண்டு நுனியில் குட்டி விடும். அதைக் கிள்ளி நட்டால் புதுச் செடி. பத்துச் செடி வாங்கினால் இரண்டாம் ஆண்டு நூறு.

அடுத்தது மருள். பாம்புக் கற்றாழை என்று பூந்தொட்டியில் வைத்து விற்பது அதன் ஆப்பிரிக்க உறவு. நம் தமிழ்நாட்டுக் காடுகளில் கிடைப்பது அசல் மருள். அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தது இதன் நாரில்தான். பகலில் இலைத் துளைகளை மூடி, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை வாங்கிக் கொள்ளும். அதனால் நீர் இழப்பு மிகக் குறைவு. அடிமரத்துக்குக் கிட்டே, எதுவும் பிழைக்காத இடத்தில் இதை வையுங்கள். தண்ணீரை அதிகம் ஊற்றினால்தான் சாகும்.

ராயோ என்று நர்சரியில் கேட்டால் கிடைப்பது, இலை மேலே பச்சையும் கீழே கத்தரிப்பூ நிறமும் கொண்ட மெக்சிகோச் செடி. வறட்சி தாங்கும், நெருங்கி வளர்ந்து புழுதியை அடக்கும். சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். நடும்போது கையுறை நல்லது. மோண்டோ புல் பார்க்கப் புல் போலவே இருக்கும், ஆனால் புல் இனம் அல்ல. வெட்ட வேண்டாம், நிழலில் நிற்கும். விலை அதிகம், வளர்ச்சி ஆமை வேகம். பணமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

கிளை எல்லையில், காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில், கனகாம்பரம் வைத்தோம். இது தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சொந்தச் செடி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. முற்றிய காய் மீது மழைத் துளி பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. தானே விதைத்துக் கொண்டு பரவும். டெல்லி கனகாம்பரம் என்று விற்பது விதை பிடிக்காது, போத்துதான் வைக்க வேண்டும். அடர்ந்த நிழலில் இரண்டுமே பூக்காது.

வேறொரு தந்திரமும் உண்டு. வறட்சியைத் தாங்கும் செடிக்குப் பதிலாக, வறட்சி வரும்போது தூங்கிவிடும் செடியை வைப்பது. மஞ்சள் அப்படிப்பட்டது. ஜூனில் நட்டால் மழைக்காலம் முழுதும் பச்சை. தை பிறக்கும்போது இலை சாய்ந்து கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மரம் தாகத்தில் தவிக்கும் மாதங்களில் அது தண்ணீரே கேட்பதில்லை. மரத்தின் கிளை எல்லையில் ஒரு வரிசை போட்டோம். கிழங்கு தோண்டும்போது வேர் அறுபடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். பொங்கலுக்கு எங்கள் தெருவில் தமிழர், கன்னடர், தெலுங்கர் எல்லார் வீட்டுப் பானைக்கும் அந்த மஞ்சள் கொத்துதான்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியாவைப் பலர் சிபாரிசு செய்வார்கள். சீக்கிரம் மூடும், உண்மை. ஆனால் உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது. வேலி தாண்டிப் போய்விடும். மணி பிளான்ட்டும் சிங்கோனியமும் தரையில் இருக்கும் வரை சாது; மரத்தைத் தொட்டால் ஏறிவிடும். ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு.

2024 மார்ச்

முதல் ஆண்டு எங்களுக்கு அதிர்ஷ்டம். 2022-ல் பெங்களூரில் வெள்ளம் வரும் அளவுக்கு மழை. நாங்கள் நட்டது எல்லாம் பிடித்துக் கொண்டது. அந்தக் கோடையில் வாரம் ஒரு முறை மட்டும், ஆனால் மண் அரையடி நனையும்படி ஊற்றினோம். தினம் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே தங்கிவிடும். ஒரு நாள் தவறினாலும் செடி சாய்ந்துவிடும்.

2023-ல் கர்நாடகத்தில் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. லாரித் தண்ணீருக்கு வரிசை. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம், குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. பூங்காவின் வெயில் பக்கத்துப் புல்தரை ஏப்ரலில் பழுப்பாகி, தும்பு தும்பாகப் போயிற்று. மரத்தடியில் ராயோ இலை சுருண்டது. கனகாம்பரம் பாதி போயிற்று. குளோரோபைட்டம் வாடித் தரையோடு படிந்தது. நானே நம்பிக்கை இழந்துவிட்டேன். மருள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் கூட நாங்கள் விடவில்லை. மே மாதம் மழை வந்த பத்தாம் நாள் குளோரோபைட்டம் எழுந்து நின்றது. கனகாம்பரம் போன இடத்தில் விதை முளைத்தது. மஞ்சள் குருத்து விட்டது. இன்டர்லாக் கல்லுக்கு வாங்கிய மதிப்பீடு எங்கே என்று கமிட்டியில் பிறகு யாரும் கேட்கவில்லை.

என் வீட்டுக் கொல்லையில் 2013-லேயே வேறு மாங்கன்று வைத்தேன். மண்ணை உயர்த்தவில்லை. இப்போது அதன் அடியில் நிழல் கூடிவிட்டது. இந்த ஜூனில் நிலப்பனை வைத்துப் பார்க்க உத்தேசம். தரையோடு ஒட்டி மஞ்சள் நட்சத்திரம் போல் பூக்கும், கிழங்குள்ள சிறு செடி அது. கோடையில் இலை மறைந்து மழைக்கு மறுபடி வரும். அது எப்படி வருகிறது என்று அடுத்த ஆண்டு எழுதுகிறேன்.

குளோரோபைட்டம் குட்டிகளும் ராயோ கன்றுகளும் என்னிடம் உபரியாக இருக்கின்றன. வேண்டுவோர் ஜூன் மாத ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு மேல் சங்க நூலகத்துக்கு வரலாம். விலை ஒன்றும் இல்லை. பை மட்டும் கொண்டு வாருங்கள்.